முறை வைத்து நடந்த ஒன்பதாம் வகுப்பு

அந்த அம்மா படகிலிருந்து இறங்கும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக் கணுக்கால் தண்ணீரில் நடந்து வந்தார்.

"பாத்து மேடம், கீழ சிப்பி கீது. கால கிழிச்சிடும்" என்றேன்.

"இருக்கட்டுங்க, நானும் கிராமந்தான்" என்று சிரித்தார்.

கல்வி வாரியத்திலிருந்து ஒருவர் எங்கள் பள்ளிக்கூடத்தைப் பார்க்க வந்து இறங்கியதை நான் அன்றைக்குத்தான் முதன்முதலில் கண்டேன். பொங்கல் கழிந்திருந்தது. ஏரி மேல் பனி இன்னும் விலகவில்லை. கரையில் காயப்போட்டிருந்த சென்னாக்கூனிப் பொடி இறால் வாசம் ஆளைத் தூக்கியது. அந்த அம்மா முகத்தைச் சுளிக்கவில்லை. அதுவே எனக்குப் பெரிய நம்பிக்கையாக இருந்தது.

நான் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. நல்லது நடக்க வேண்டிய நாளில் எனக்கு அப்படி ஒரு வழக்கம். கிளம்பும்போது என் வீட்டுக்காரி மல்லிகா வாசலில் நின்று கேலி செய்தாள்.

"ஆபீசரம்மா வர்றதுக்கு நீ ஏன்யா பட்டினி கெடக்குற? பரிச்ச அவுங்களுக்கா, ஒனக்கா?"

எனக்குத்தான் பரீட்சை. அன்றைக்கு அந்த அம்மா பார்த்துவிட்டுப் போய் என்ன சொல்கிறாரோ, அதைப் பொறுத்துத்தான் எங்கள் ஊரில் ஒன்பதாம் வகுப்பு நிலைக்கும். நிலைத்தால் என் மகள் ஜமுனா வீட்டிலிருந்தே படிப்பாள். இல்லையென்றால் ஏரிக்கு அந்தப் பக்கம் போக வேண்டும். எனக்கு இருப்பது அவள் ஒருத்தி.

எட்டோடு நின்றவர்கள்

எங்கள் பக்கத்தைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கிழக்கே கடல், மேற்கே பழவேற்காடு ஏரி, நடுவில் ஒரு மணல் திட்டு. அதில் மேலக்குப்பம், நடுக்குப்பம், கீழக்குப்பம் என்று மூன்று ஊர். எங்களுடையது நடுக்குப்பம். பள்ளிக்கூடமும் எங்கள் ஊரில்தான். மூன்று ஊர்ப் பிள்ளைகளும் அங்கேதான் படிக்கும். எட்டாவது வரைக்கும்.

எட்டாவது முடித்த பையன்கள் படகேறிவிடுவார்கள். பெண் பிள்ளைகள் கருவாட்டுக் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். எங்கோ ஒன்றிரண்டு பேர் பொன்னேரிக்குப் போய் விடுதியில் தங்கிப் படித்ததுண்டு.

நானும் எட்டோடு நின்றவன்தான். எங்கள் நைனா என்னை ஒன்பதாவதுக்கு அக்கரைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். அப்போது இந்தப் பக்கத்தில் இன்ஜின் படகு அபூர்வம். பாய் விரித்துத்தான் போக வேண்டும். காற்று நமக்குச் சாதகமாக இருந்தால் பிரார்த்தனைக்கு முன்னால் போய்ச் சேரலாம். எதிர்க்காற்று என்றால் நான் போய்ச் சேர்வதற்கும் மதிய மணி அடிப்பதற்கும் சரியாக இருக்கும். வாத்தியார் தினமும் கேட்பார்: "இன்னிக்கு இன்னா காத்துடா?" வகுப்பே சிரிக்கும். ஒரு மழைக்காலம் தாங்கினேன். அப்புறம் போகவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவும் இல்லை.

அந்தப் பள்ளிக்கூடத்துக் கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒரு தேசப்படம் தொங்கும். அதில் எங்கள் ஏரி விரல் நகம் அளவுக்கு நீலமாக இருக்கும். அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. கடைசி பெஞ்சு என்பதால் எழுந்து போகக் கூச்சம். தொடாமலே வந்துவிட்டேன். இப்போது தினமும் அந்த ஏரியில்தான் இருக்கிறேன். ஆனாலும் அந்த நீல நகத்தைத் தொடவில்லையே என்று சில சமயம் மனசு அடித்துக்கொள்ளும்.

சரி, கதைக்கு வருகிறேன்.

எட்டோடு நிற்கிற பிள்ளைகள் கரையோரத்தில் அதிகம் என்று வாரியத்துக்குத் தெரிந்திருக்கிறது. அவர்கள் ஒரு முடிவெடுத்தார்கள். எங்களுடையதைப் போன்ற பள்ளிகளில் சோதனையாக ஒரு வருஷம் ஒன்பதாம் வகுப்பு நடத்திப் பார்ப்பது. போதுமான பிள்ளைகள் வந்தால் உயர்நிலைப் பள்ளி ஆக்குவது. வராவிட்டால் பழையபடி எட்டு.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நானும் ஓர் உறுப்பினன். இதைக் கேட்ட அன்றைக்கு நான் ஊர் முழுக்க நடந்து சொன்னேன். ஜமுனாவுக்கு அப்போதுதான் எட்டாவது முடிந்திருந்தது.

ஏரியைப் போல ஓர் அறை

போன வாரம் எங்கள் 'பாடு' வழக்கத்தைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தேன். அது என்ன என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். சொல்லிவிடுகிறேன், இந்தக் கதைக்கும் அது வேண்டும்.

ஏரியில் எல்லா இடத்திலும் இறால் ஒரே மாதிரி விழாது. நல்ல இடம் கொஞ்சம்தான். ஆளாளுக்கு அங்கேயே வலை கட்டினால் வெட்டுக்குத்து ஆகிவிடும். அதனால் முறை வைத்திருக்கிறோம். இன்றைக்கு ஓர் ஊர், நாளைக்கு இன்னோர் ஊர். அதற்குத்தான் பாடு என்று பெயர். அடுத்தவன் முறையன்று இறால் துள்ளிப் படகுக்குள்ளேயே வந்து விழுந்தாலும் எடுத்துத் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். மீறினால் அபராதம். அபராதத்தைவிடப் பெரிது, கோயில் வாசலில் எல்லோர் முன்னாலும் தலை குனிந்து நிற்பது.

ஒன்பதாம் வகுப்புக்கு இலாகா ஒதுக்கியது, முன்பு சத்துணவு அரிசி வைத்திருந்த சின்ன அறை. எங்கள் ஊர் மருமகள் கவிதா, பட்டம் படித்தவள். அவளையே தற்காலிக ஆசிரியையாகப் போட்டார்கள். முதல் நாள் மூன்று ஊர்ப் பிள்ளைகளும் வந்து நின்றார்கள். அறையில் பாதிப் பேருக்குக்கூட இடமில்லை. வாசலில் தள்ளுமுள்ளு. மேலக்குப்பத்துக்காரர்கள், "பள்ளிக்கூடம் ஒங்க ஊர்ல கீதுன்னா மொத பெஞ்சு ஒங்களுக்கா?" என்று சண்டைக்கே வந்துவிட்டார்கள்.

சாயங்காலம் மூன்று ஊர்ப் பெரியவர்களும் கூடினோம். எங்கள் ஊர் தர்மலிங்கம் அண்ணன், பாடு வழக்கு எதுவானாலும் தீர்த்து வைப்பவர், வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்.

"அடேய், இம்மாம் பெரிய ஏரியையே பங்கு போட்டு பொழைக்கிறோம். ஒரு ரூம பங்கு போட முடியாதா நம்மளால?"

அவ்வளவுதான். எல்லோருக்கும் அது தங்கமான யோசனையாகப் பட்டது. ஒரு நாள் மேலக்குப்பம், மறுநாள் நடுக்குப்பம், அதற்கு மறுநாள் கீழக்குப்பம். சண்டை அன்றைக்கே முடிந்தது.

கவிதா மட்டும் மெதுவாகக் கேட்டாள். "மாமா, ஒரே பாடத்த நான் மூணு தபா நடத்தணுமா?"

"ஒனக்கும் நல்லா மனப்பாடம் ஆவும்ல?" என்றார் தர்மலிங்கம் அண்ணன். எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்துவிட்டாள்.

தலைமையாசிரியருக்கு இரண்டு பள்ளிக்கூடம் பொறுப்பு. எப்போதாவதுதான் எங்கள் பக்கம் வருவார். வருகிற நாளில் வகுப்பு அமைதியாக நடக்கும். திருப்தியாகப் போய்விடுவார்.

இதில் ஓர் அழகும் இருந்தது. அன்றைய பாடத்தைப் படித்த ஊர்ப் பிள்ளைகள், மறுநாள் வரப்போகிற ஊர்ப் பிள்ளைகளிடம் சாயங்காலம் படகுத்துறையில் சொல்வார்கள். ஜமுனா ஈர மணலில் குச்சியால் முக்கோணம் போட்டு, கீழக்குப்பத்து ரோஜாவுக்குக் காட்டிக்கொண்டிருப்பாள். அலை வந்து அழிக்கும். மறுபடியும் போடுவாள். வலை அலசிக்கொண்டே அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த நேரத்துக்கு ஈடாக எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம்

அந்த அம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்தார். ஒன்பதாம் வகுப்பு அறையில் எட்டிப் பார்த்தார். அன்றைக்குக் கீழக்குப்பத்து முறை. மூன்று ஊரில் சின்ன ஊர் அதுதான். இருந்த பிள்ளைகளைக் கை விரலில் எண்ணிவிடலாம்.

அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது. "இவ்வளவுதானா?"

தர்மலிங்கம் அண்ணன் சந்தோஷமாக முன்னால் வந்தார். "ஆமா மேடம். இன்னிக்கு கீழக்குப்பத்து மொற. ஒருத்தன் கொறையாம வந்துட்டான் பாருங்க."

"என்ன முறை?"

அவர் பெருமையாக எல்லாவற்றையும் சொன்னார். ஏரியைச் சொன்னார், சண்டையைச் சொன்னார், அதைத் தீர்த்து வைத்ததையும் சொன்னார். இவ்வளவு ஒழுங்காக நடக்கிற ஊருக்கு அந்த அம்மா மெச்சி இரண்டு வகுப்பு சேர்த்தே கொடுத்துவிடுவார் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். பக்கத்தில் நின்ற கவிதா மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்த அம்மா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"ஐயா, அறை சின்னதுன்னு எங்களுக்கு ஒரு வார்த்தை எழுதியிருக்கலாமே? நான் இங்க பாக்குற புள்ளைங்களைத்தான் வாரியத்துல சொல்ல முடியும். இவ்வளவு கொஞ்சம் பேருக்கு ஒன்பதாவது கெடைக்காது. மத்த பிள்ளைங்க எங்க?"

மற்றப் பிள்ளைகள் எங்கேயும் போய்விடவில்லை. ஆபீசர் வந்திருக்கிறார் என்று வேடிக்கை பார்க்க வந்து வேலிக்கு வெளியே வரிசையாக நின்றார்கள். ஜமுனாவும் நின்றாள். ரெட்டைச் சடை, சீருடை, தோளில் பை. முறை இல்லாத நாளிலும் அவள் பையை மாட்டிக்கொண்டுதான் சுற்றுவாள்.

"எல்லாரும் உள்ள வாங்கம்மா" என்று அந்த அம்மா வேலியைப் பார்த்துக் கூப்பிட்டார்.

ஒருவரும் அசையவில்லை.

"அது எப்படி மேடம்?" என்றார் தர்மலிங்கம் அண்ணன், உண்மையிலேயே திகைத்துப்போய். "இன்னிக்கு அவுங்க மொற இல்லியே!"

அந்த அம்மா எழுந்து வேலியோரம் போனார். நேராக ஜமுனாவிடம் கேட்டார்.

"உன் பேரு என்ன?"

சொன்னாள்.

"உள்ள வந்து உக்காரேன்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் குழு உறுப்பினன், வேலிக்கு உள்ளே நிற்கிறேன். 'வா' என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. சொன்னால் முறையை மீறினதாகும். சொல்லாவிட்டால் வகுப்பே போய்விடும். தாயே, யார் வாயிலாவது வந்து பேசு என்று மனசுக்குள் கும்பிட்டேன்.

"எங்களது நேத்து முடிஞ்சிச்சி மேடம்" என்றாள் ஜமுனா.

"உனக்கு தினமும் பள்ளிக்கூடம் வர ஆசை இல்லையா?"

"ஆசதான் மேடம். ஆனா எங்களுக்கு நாள் கூடுனா அவுங்களுக்குக் கொறையும்ல?"

அந்த அம்மா வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியதா, வெயில் பட்டதா, எனக்குத் தெரியாது. ஆனால் குரல் இறங்கிவிட்டது.

"குறையாது கண்ணு. இது இறால் இல்ல. நீ எடுத்துக்கிட்டா அவளுக்கு இல்லாமப் போயிடாது. எத்தனை பேர் எடுத்தாலும் அப்படியே இருக்கும்." பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "ஐயா, மீன விட்டா நாளைக்குப் பிடிக்கலாம். இந்தப் பிள்ளைங்களுக்கு மூணு நாளைக்கு ரெண்டு நாள் போச்சே. அதை யார் திருப்பித் தருவாங்க?"

நியாயமாக நடந்தோம் என்றே இருந்துவிட்டோம். மூன்று ஊர்ப் பிள்ளைகளுக்கும் சமமாகக் குறைத்திருக்கிறோம் என்பது அதுவரை ஒருவர் புத்திக்கும் எட்டவில்லை.

அப்போது அறைக்குள்ளிருந்து ரோஜா எழுந்து வந்தாள். கீழக்குப்பத்துப் பிள்ளை. வாய் கொஞ்சம் நீளம்.

"பெரியப்பா, இன்னிக்கு எங்க மொறதானே?" என்று தர்மலிங்கம் அண்ணனைக் கேட்டாள்.

"ஆமா, அதுக்கு இன்னா?"

"மொறக்காரங்க கூப்ட்டா கூட்டு சேந்து வலை இழுக்கலாம்ல?"

"இழுக்கலாம்" என்றார் அவர், யோசித்துக்கொண்டே.

"அப்ப நாங்க கூப்புடறோம்." வேலியைப் பார்த்துக் கத்தினாள். "ஏய் ஜமுனா, அல்லாரையும் இட்டுகினு ஜல்தி வாடி! மேடம் போயிடப் போறாங்க!"

தர்மலிங்கம் அண்ணன் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "இது வக்கீலுக்குப் பொறக்க வேண்டியது" என்றார். வேலிப் படலைத் தன் கையாலேயே திறந்துவிட்டார்.

அறை கொள்ளவில்லை. பூவரச மரத்தடியில் பாய் விரித்து உட்கார வைத்தோம். மேலக்குப்பத்துக்கு ஆள் போய், அங்கிருந்தும் பிள்ளைகள் மூச்சு வாங்க ஓடி வந்தார்கள். அந்த அம்மா தாமே ஒரு கணக்கு நடத்தினார். ஜமுனா எழுந்து நின்று பதில் சொன்னாள். அவள் சத்தமாகப் பேசி நான் கேட்டதே அன்றைக்குத்தான். வீட்டில் அவள் குரல் தாழ்ந்தே இருக்கும்.

வந்த உத்தரவு

அந்த அம்மா அத்தனை பிள்ளைகளையும் பற்றி வாரியத்தில் எடுத்துச் சொல்லியிருக்கிறார். கோடை முடிவதற்குள் உத்தரவு வந்துவிட்டது. எங்கள் பள்ளிக்கூடம் உயர்நிலைப் பள்ளி ஆகும். புதுக் கட்டடம் வரும். அதுவரை மரத்தடியில் கொட்டகை. எல்லாப் பிள்ளைகளும் தினமும் வர வேண்டும்.

ஊரே கொண்டாடியது. கேசரி கிண்டிக் கொடுத்தார்கள். தலைமையாசிரியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டபோது என் கையில் கேசரி இருந்தது.

"ஒண்ணு சொல்லணும்" என்றார். "முறை வச்சி நடந்த வருஷத்தை முழு வருஷமா எடுத்துக்க முடியாதுன்னு சொல்லிட்டாங்க. இந்த வருஷத்துலேர்ந்துதான் இங்க ஒன்பதாவது முறைப்படி ஆரம்பம். பத்தாவது அடுத்த வருஷம்தான் வரும்."

"அப்ப ஜமுனா?"

"மறுபடி ஒன்பதாவது உக்காரலாம். இல்லைன்னா பொன்னேரியில ஒரு பரீட்சை வைப்பாங்க. தேறினா நேரா பத்தாவதுல சேத்துக்குவாங்க. விடுதி இருக்கு. அவ தேறிடுவா."

அவள் தேறிவிடுவாள் என்று அவர் சொன்னது ஒரு தகப்பனுக்கு இனிக்க வேண்டும். வழியில் எதிர்ப்பட்ட ஒரு பிள்ளையிடம் கேசரியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

ரோஜாவும் பெரும்பாலான பிள்ளைகளும் இங்கேயே மறுபடி உட்காருவதாகச் சொல்லிவிட்டார்கள். ஜமுனாவையும் அப்படியே சொல்ல வைத்துவிடலாம் என்று எனக்கு ஆசை இருந்தது. என் ஒரு சொல் போதும், அவள் தட்ட மாட்டாள். அன்றைக்குச் சோறு சாப்பிடும்போது பேச்சைத் தொடங்கினேன்.

"ஒரு வருஷம்தானேம்மா. வீட்லயே இருந்துடேன். ஆயா கட வடை, அம்மா கொழம்பு, எல்லாம் கீது."

அவள் மடவைக் குழம்பில் முள் எடுத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் கேட்டாள்.

"தெரிஞ்ச பாடத்தையே மறுபடி படிக்கணுமா நைனா?"

மல்லிகா என்னைப் பார்த்தாள். நான் சோற்றைப் பார்த்தேன். எதிர்க்காற்றில் போய் மதிய மணிக்குச் சேர்ந்தவன் நான். இவளுக்குக் காற்று சாதகமாக வீசுகிறது. நான் கையை நீட்டித் தடுப்பதா?

"வாணாம்மா" என்றேன். "நீ போ."

மல்லிகா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அங்கே பாத்திரம் கழுவுகிற சத்தம் எதுவும் கேட்கவில்லை.

இப்போது

ஜமுனா பொன்னேரியில் பத்தாவது படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை விடுதி அம்மாவின் போனிலிருந்து பேசுவாள். முதலில் அம்மாவோடு பேசுவாள், அப்புறம் என்னோடு. "சாப்ட்டியா நைனா?" என்பாள். "இங்க சுத்தியும் கட்டடம். எந்தப் பக்கத்துலேர்ந்து காத்து வருதுன்னே தெரியல" என்று ஒரு தடவை சொன்னாள். அதைச் சொல்லிவிட்டு உடனே வேறு பேச்சுக்குப் போய்விட்டாள். நானும் போய்விட்டேன்.

எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளித்தான் பள்ளிக்கூடம். காலையில் நான் வலையோடு திரும்பும்போது பிள்ளைகள் கொட்டகைக்கு ஓடும். மூன்று ஊர்ப் பிள்ளைகளும் ஒன்றாக, தினமும். ரோஜா என்னைப் பார்த்தால், "இன்னா சித்தப்பா, ஜமுனா எப்போ வருவா?" என்று கேட்டுக்கொண்டே ஓடுவாள். "வருவா, வருவா" என்பேன். என் மகளை வீட்டில் வைத்துக்கொள்ளத்தான் நான் அந்த வகுப்பைப் பற்றி ஊர் முழுக்க நடந்து சொன்னேன். வகுப்பு இருக்கிறது. நல்லபடியாக நடக்கிறது. அதைப் பார்க்கச் சந்தோஷம்தான், பொய் சொல்லக் கூடாது. ஆனால் கொட்டகையில் ரெட்டைச் சடையோடு எந்தப் பிள்ளை திரும்பினாலும் என் கால் நின்றுவிடுகிறது.

பத்தாவது முடித்தால் பிளஸ் டூ. அதுவும் பொன்னேரியில்தான். அதற்கு மேல் சென்னை என்கிறாள்.

வெள்ளிக்கிழமைதோறும் கங்கையம்மன் கோயிலில் கற்பூரம் ஏற்றுகிறேன். பூசாரி தட்டை நீட்டும்போது, "தாயே, கொழந்த நல்லா எழுதணும்" என்று மட்டும் சொல்லிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சட்டென்று வெளியே வந்துவிடுவேன். அங்கே இன்னும் கொஞ்சம் நின்றால், வேறொன்றைக் கேட்டுவிடுவேன். அம்மன் அதைக் கொடுத்துவிட்டால் என்ன செய்வது?